விளக்குக்குள் ஒரு குவளைத் தண்ணீர்

2019 மே 31, வெள்ளிக்கிழமை, போகோர் நகரில் காலை பத்து மணிக்கே மழை பெய்து ஓய்ந்தது.

எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை, ஐயா. கார்களின் முகப்பு விளக்குக்குள் ஆவி படியும். விளக்கைக் கழற்றி, சூடேற்றிப் பிரித்து, துடைத்து, பசையிட்டு மூடுவது என் தொழில். பெருநாளுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அந்த வாரம் என் கடையில் வரிசையில் நின்றிருக்க வேண்டும். எதிர்க்கடை மெக்கானிக் எங்குஸ் அண்ணன் நேர்மையானவர் என்பதால் நிற்கவில்லை.

"டீச்சரம்மா, அது வெறும் வேர்வை. இருபது நிமிஷம் லைட்டப் போட்டு ஓட்டுங்க, தானா காஞ்சிரும்" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன யாயத்து, ஊரே பலகாரம் சுடுது, நீ லைட்டச் சுடுறியா?" தெருவே சிரிக்கும்.

அவர் சொன்னது சரிதான். விளக்கின் முதுகில் மூச்சுத்துளைகள் உண்டு. ஈரம் அவற்றின் வழியே போய்விடும். ஆனால் சரியானதை அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டுமா?

தெருவே பார்க்க, ஒரே ஒரு முறை, அவர் தன் வண்டியை என் கடைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது, அவருடைய வண்டி விளக்கின் பின்மூடியைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். மூச்சுத்துளைகளைப் பசையால் அடைத்தேன். இரண்டு விளக்குகளிலும்தான், ஒன்றோடு விட்டால் மெத்தனமாக இருந்துவிடுவார். ரமலான் நோன்பு என்பதால் நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தொழுகைக்குத் தாமதமானதில் எனக்கு வருத்தம் உண்டு.

சனிக்கிழமை மதியம் அவரும் மனைவி இமாஸும் சொந்த ஊரான காருட்டுக்குப் புறப்பட்டார்கள். விளக்குக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. தெருவே பார்த்தது.

"அண்ணே, உள்ள கொண்டாங்க. அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்."

"ஏங்க, குடுத்துத்தான் பாருங்களேன்" என்றார் இமாஸ்.

"இவன்கிட்டயா? நான் ஊருக்கெல்லாம் என்ன சொன்னேன்? ஓட ஓட காஞ்சிரும். நீ ஏறு."

எரிந்து சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் தெறித்தால் பல்பு வெடிக்கும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம். அவரைத் தடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ஆனால் உதவி கேட்டு வர வேண்டியவர் அவரல்லவா?

மாலையில், நோன்பு திறக்கும் நேரத்தில், மலைப்பாதை வளைவில் மழைக்குள் இரண்டு விளக்குகளும் அணைந்தன. முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி நின்றிருந்தது. அண்ணன் அங்கேயே இறந்தார். இமாஸ் மூன்று நாள் கழித்து, பெருநாளுக்கு முந்தின மாலை.

பசை என் கடையுடையது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர் பிடிவாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று, அந்த டீச்சரம்மா தன் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். விளக்கில் கொஞ்சம் ஆவி இருந்தது. கழற்றிச் சூடேற்றிக் கொடுத்தேன்.