சூப்பர்னு சொன்னவர்

செங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "எங்க அக்கா மூஞ்சில எப்டிடா முழிப்பேன்?"

"இன்னாடா ஆச்சு?"

"நம்ம ஹீரோ படத்தோட நாலாம் பாகம் பாத்துட்டு வெளிய வந்தேன். யூடியூப்காரன் மைக்கை நீட்னான். ரசிகர் மன்றத் தலைவரா இருந்துக்கிட்டு வேற இன்னா சொல்றது? சூப்பர்னு சொல்லிட்டேன்."

"படம் நல்லால்லயா?"

"செலவு ஜாஸ்தி, கதை கம்மி. போன பாகத்துல செத்தவனெல்லாம் திரும்பி வந்துட்டான். அப்புறம் எவன் செத்தா நமக்கென்ன? கோடை லீவுலயே தியேட்டர் காத்தாடுது. நான் பேசுனத நம்பி, அக்கா அடி அண்ணாமலை கிராமத்துலேர்ந்து பிள்ளைங்கள ஆட்டோ வெச்சி கூட்டிட்டுப் போயிருக்கு."

"திட்னாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லடா. போன் பண்ணி, 'படம் நல்லா இருந்துச்சுடா தம்பி'னு சொல்லுச்சு."