முன்சக்கரம் இழுக்கோணும்

— அண்ணா, ஜாக்கி ஆடுதுங்க. இன்னொரு கல்லு முட்டுக் குடுக்கட்டுங்களா?

— ஜாக்கி ஆடாது பெரியா, பயப்படாதே. பட்டாளத்துல லாரியவே ரெண்டு கல்லு மேல நிறுத்தி வேல பாத்தவன் நான். இது பிக்கப் ஜீப்பு. அந்தக் கம்பிய இந்தப் பக்கமாக் குடு.

— இன்னும் எத்தன நேரமாகுமுங்க? எங்கூட்டுக்காரரு சைக்கிள்ல கொழிஞ்சாம்பாறைக்குப் பெட்ரோல் வாங்கப் போயிருக்கறாரு. வந்ததும் கெளம்போணும்.

— அட கெரகத்த, மூணாவது தடவையாக் கேக்கற. சக்கரம் கழட்டியாச்சு, டிரம்மக் கழட்டியாச்சு. ஒடஞ்ச ஆக்ஸில்ல பாதிதான் கைக்கு வந்துச்சு. மீதித் துண்டு உள்ளார சிக்கீட்டுக் கெடக்குது. அத எடுக்காமப் புதுச எங்க சொருகறது?

— வருமுங்களா?

— கம்பியில சுருக்குப் போட்டு இழுத்துப் பாக்கறேன். ஆமா, எங்க போறதுக்கு இத்தன அவசரம்?

— பொள்ளாச்சிக்குத்தானுங்க. தேங்கா ஏத்தோணும்.

— பொள்ளாச்சிக்கா? அப்பறம் எதுக்கு இந்தப் பாடு? தார் ரோட்டுக்குப் பின்சக்கரம் தள்ளுனாப் போதும். முன்னாடி ஆக்ஸில் இல்லாமயே ஓடும். சக்கரத்த மாட்டிக் குடுத்தர்றேன், அர மணி நேரத்துல போலாம்.

— வேண்டாமுங்கண்ணா! முன்சக்கரமும் இழுக்கோணும்.

— ஏன்?

— தோப்புக்குள்ள சேறுங்க.

— சேறா? ஆடிக் காத்துல புழுதி கண்ணத் தெறக்க உடுல. பாலக்காட்டுல பேயற மழ நம்ம காட்டுக்கு எப்ப வந்துச்சு?

— சும்மா ஒரு இதுக்குத்தானுங்க. எதுக்கும் நல்லதுன்னு...

— அழுகறயா?

— புழுதிங்க.

— சரி, தள்ளி நில்லு. வருது... வருது... இந்தா, வந்துருச்சு துண்டு! புதுச எடு. மண்ணுல வெக்காதே, துணியோட குடு.

— இந்தாங்க. கனமா இருக்குதுங்க.

— கனந்தான். நேராப் போகோணும், இல்லீன்னா உள்ளார இருக்கற ஆயில் சீலு கிழிஞ்சுரும். ம்... கவ்விக்கிச்சு. கிரீஸ் டப்பா எங்க? பெரியா, உன்னத்தான் கேக்கறேன். ரோட்டையே பாத்துட்டு நிக்கற.

— அவுங்க வாறாங்களான்னு பாத்தனுங்க.

— தேங்காய்க்கு எவளும் இப்படித் தவிக்க மாட்டா. யாருக்கு என்ன? மாப்ளைக்கு ஏதாச்சும் வம்பா?

— மாட்டி முடிங்க, சொல்றனுங்க.

— இப்பச் சொல்லு. இல்லீன்னா ஸ்பேனரக் கீழ போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவேன்.

— பேரச் சொன்னாலும் போட்டுருவீங்களே அண்ணா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவ சொல்லாமக் கண்ணாலங் கட்டீட்டுப் போனப்ப எங்க எல்லாரையும் நிக்க வெச்சு நீங்கதான சொன்னீங்க, அந்தப் பேரு இனி யார் வாயிலயும் வரக்கூடாதுன்னு.

— சொல்லு, யாருக்கு?

— நம்ம தங்கச்சி மயிலாத்தாளுக்குத்தானுங்க. கொழந்த பொறந்து ஒம்போது நாளாச்சு. காச்சல் எறங்கவே மாட்டேங்குதாம். எஸ்டேட்டுக் கம்பவுண்டர், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுட்டுப் போங்கன்னு கைய விரிச்சுட்டாராம்.

— யாரு சொன்னது?

— அவ புருசன் ஏசுதாஸ் தேயில லாரிக்காரன்கிட்ட சீட்டுக் குடுத்து உட்டிருந்தாரு. அங்க மலையில பத்து நாளா மழைங்க. எஸ்டேட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு, பஸ்ஸும் ஏற மாட்டேங்குது, லாரியும் கீழயே நிக்குதாம். நாலு சக்கரமும் இழுக்கற வண்டி இருந்தா மட்டுந்தான் அவுங்க குடியிருக்கற லயத்து வரைக்கும் போக முடியுமுன்னு எழுதியிருக்கறாரு. அவளக் கட்டில்ல வெச்சுத் தூக்கீட்டு எறங்கப் பாத்தாங்களாம், பாதியிலயே மயங்கிட்டாளாம். ஐயோ, ஸ்பேனரக் கீழ வெச்சுட்டீங்களேண்ணா. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். உங்களுக்கு அவ வேண்டாம். எனக்கு வேணுமுங்க. மாட்டிக் குடுத்துட்டுப் போங்க, உங்க பேரை நான் அங்க சொல்லவே மாட்டேன்.

— கை துடைக்கத்தான் வெச்சேன். டிரம்மத் தூக்கு.

— அண்ணா...

— தூக்குன்னேன். நட்ட ஒண்ணொண்ணாக் குடு, கீழ போட்டறாதே. கொழந்த?

— பொட்டப் புள்ளைங்க. நல்லா இருக்குதாம். பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி பால் குடுக்கறாளாம்.

— ம். சக்கரத்த உருட்டீட்டு வா. மெதுவா... அவ்வளவுதான். ஜாக்கிய எறக்கு. கியரப் போட்டுப் பாக்கறேன். இழுக்குது. உள்ளார போயி மெத்தையும் ரெண்டு கம்பிளியும் எடுத்துட்டு வா, பின்னாடி விரிக்கோணும். தார்ப்பாயையும் எடு.

— அவுங்க வந்துட்டாங்க, அந்தா சைக்கிளு தெரியுது! இருட்டறதுக்குள்ள மேல ஏறீரலாமுங்களா?

— மாப்ள ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன்.

— நீங்களா? அந்த மல ரோடு உங்களுக்குத் தெரியாதேண்ணா.

— மாசாமாசம் பழனிக்குன்னு உன்ற அண்ணிகிட்டச் சொல்லீட்டு நான் போறது அங்கதான் பெரியா. லயத்துக்குக் கீழ, வளைவுல ஒரு டீக்கட இருக்குது. அவ வேல முடிஞ்சு போறதத் தூரத்துல நின்னு பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பீருவேன்.