முன் குறி எந்தப் பக்கம்?

கோலசிலாங்கூரில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கண்ணு போச்சு. துப்பாக்கி சுடுற போட்டிக்கு வரலன்னு காலையிலயே கோச்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் அவர்.

“பழைய ரைபிள்ல நடுவுலதானே சுட்டீங்க? கிளப்புக்கு வந்த புது ரைபிள்லதானே எல்லாம் இடது பக்கம் போவுது?”

“குழாய் முனையில குறி பார்க்க இருக்கே, அந்த முன் குறிய வலது பக்கம் தட்டி நகர்த்தியும் பார்த்துட்டேன் லா. முன்ன விட அதிகமா இடது பக்கம் போவுது.”

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இடது பக்கம் தட்டுங்க!”

“குண்டு போற பக்கமேவா?”

“வலது பக்கம் தட்டித்தானே மோசமாச்சு?”

கணவர் ஒரு கண்ணை மூடி, விரலைக் குறிபோல் நீட்டி, டிரைவரின் கண்ணாடியைப் பார்த்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“அடி ஆமா! குறி இடது பக்கம் போனா, அத நேராக்க நான் குழாய வலது பக்கம் திருப்புவேன். குண்டும் வலது பக்கம் வரும்!”

உடனே போனை எடுத்தார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“கோச், என் பேர வெட்டிராதீங்க! எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு!”