சட்டைப்பையில் கசியும் பேனா

— 'குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?'ன்னு கேட்டிருக்கு. 'இல்லை'ன்னு போட்டுட்டேன். நீ எதுக்குடா அந்தத் தாளையே முறைச்சுப் பார்க்குற?

— முறைக்கலக்கா. உன் கையெழுத்தைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் பஸ் பஸ்ஸா ஏறி டிக்கெட் பரிசோதிச்சவன் நான். ஒரு லட்சம் கையெழுத்துப் பார்த்திருப்பேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல.

— போன வாரம் அரை லட்சம்னே.

— போன வாரம் உடம்பு சரியில்ல, குறைச்சுச் சொல்லிட்டேன்.

— சும்மா கிட. பேனா வழுக்குச்சு, அதான் கோணல். முப்பது வருஷமா சலவைக்கடையில இஸ்திரிப் பெட்டி தூக்கின கை, ஒரு பேனாவைப் பிடிக்கத் திணறுது பாரு. இந்தா, பிடி உன் பேனாவை. சிவப்பு மையில யாராவது ஆஸ்பத்திரி ஃபாரம் எழுதுவாங்களா? விரல் பூரா ஆயிடுச்சு.

— பரிசோதகன் பேனா சிவப்பாத்தான் இருக்கும். இதை நான் பையிலிருந்து எடுத்தாலே கண்டக்டருக்கு வேர்க்கும்.

— ரிடையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் பையில சொருகிக்கிட்டுத் திரியுற. வாரத்துக்கு நாலு சட்டை என் கடைக்கு அனுப்புற, நாலுலயும் இடது பக்கம் சிவப்புப் பொட்டு.

— சர்வீஸ்ல ஒரு சொட்டு சிந்தாத பேனாக்கா இது. என்கூடவே அதுவும் ரிடையர் ஆயிடுச்சு. வயசான வாய், நிக்கல.

— ஏதோ பச்சைத்தண்ணியில நாலு அலசு அலசினா போயிடுது, நீ பிழைச்ச. சரி, நான் குழாயில கையைக் கழுவிட்டு வர்றேன். டோக்கன் பதினேழுன்னு கூப்பிட்டா குரல் கொடு.

— கொடுக்கிறேன். ஊருக்கே கேக்கும்.

— வந்துட்டேன். இன்னும் கூப்பிடலையா? சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிட்டேன், இந்த மை போவேனாங்குது. டேய், எனக்கு அதுவா இருந்தா என்ன செய்யறது?

— இருக்காதுக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— முகத்தைப் பார்த்தாலே தெரியும். நூறு பேர் இருக்கிற பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தன் இருந்தா, ஏறின உடனே கண்டுபிடிச்சிடுவேன். மத்தவங்க என்னைப் பார்ப்பாங்க. அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். நீ நேரா என்னைப் பார்க்குற. உனக்கு ஒண்ணுமில்ல.

— உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.

— பதினேழு, உள்ள வாங்கம்மா. இவர் யாரு, வீட்டுக்காரரா?

— கஷ்டம். தம்பி டாக்டரம்மா. எனக்கு ஆறு வருஷம் இளையவன். வாய் மட்டும் மூத்தது.

— உட்காருங்க ரெண்டு பேரும். உங்களைக் காக்க வைக்கல, நேராச் சொல்லிடறேன். ஊசி வெச்சு எடுத்த சதையில புற்று இல்ல. சாதாரணக் கட்டி.

— இல்லையா?

— இல்லம்மா. பயந்து வர்ற கட்டியில முக்காவாசி இப்படித்தான் இருக்கும். ஆனா பரிசோதிக்காம அது எந்தக் கட்டின்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க வந்தது ரொம்பச் சரி.

— கேட்டியாக்கா? நான் சொன்னேனா இல்லையா? டாக்டரம்மா, பஸ் டிப்போவுல இருக்கிற எண்ணூறு பேருக்கும் இன்னிக்கு மிட்டாய்.

— எண்ணூறு இல்ல டாக்டரம்மா, எண்பது. இவன் சொல்றதைப் பத்தால வகுத்துக்கணும். ஏண்டா, கண்ணைத் துடைச்சுக்கோ. எனக்கே அழுகை வரல.

— ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அடுத்து எப்பப்போ நீங்க வந்து படம் எடுக்கணும்னு முடிவு பண்ணணும். குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க.

— ஆமா. அம்மா எண்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க. சித்தி, பாட்டி யாருக்கும் கிடையாது.

— அதெல்லாம் அம்மா வழி. அப்பா வழியில?

— அப்பா வழி எதுக்கு? இது பொம்பளைங்க நோய்தானே.

— எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க. உங்க ரத்தத்துல பாதி அப்பா கொடுத்ததும்மா. அவருக்கு வராமலே அவர் வழியா உங்களுக்கு வரலாம். அப்பாவோட கூடப் பொறந்தவங்க?

— ஒரே ஒரு அத்தை. மஞ்சக்காமாலையில போயிட்டாங்க. சின்ன வயசு.

— அக்கா.

— என்னடா?

— அது காமாலை இல்லக்கா.

— உடம்பெல்லாம் மஞ்சளா கிடந்தாங்களே, நான் பார்த்தேனே.

— மாருல வந்து, கடைசியில ஈரலுக்குப் போயிடுச்சு. மஞ்சளானது அப்புறம்தான். அப்பா பொய் சொல்லல, பாதியைச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப தூக்குப்பாத்திரம் எடுத்துக்கிட்டுப் போறது நான்தானே. கட்டு மாத்தறப்போ கதவு சரியாச் சாத்தல. பார்த்துட்டேன்.

— உனக்கு அப்ப பதிமூணு வயசு.

— உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தாங்க. இந்தப் பேச்சு வெளியே போனா உன் கல்யாணம் நின்னுடும்னு அப்பா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு.

— நாப்பத்தஞ்சு வருஷம். ஊரெல்லாம் ஒண்ணைப் பத்தாக்கிச் சொல்ற வாய், இந்த ஒண்ணை மட்டும் முழுங்கிட்டு இருந்துச்சா? வெளியில நான் 'இல்லை'ன்னு எழுதறப்பகூடவா?

— எழுதினதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். உனக்கு வந்திருந்தா நான்தான் காரணம்னு இந்த ஒரு வாரமா நான் தூங்கலக்கா.

— சரி, இப்பச் சொன்னீங்களே, அது போதும். அத்தைக்கு அப்ப என்ன வயசு?

— முப்பத்தாறு டாக்டரம்மா. இதுல நான் கூட்டல, குறைக்கல.

— அப்ப கண்டிப்பா எழுதணும். அவ்வளவு சின்ன வயசுல வந்திருந்தா, குடும்பத்துல வழிவழியா ஏதாவது இறங்குதான்னு ரத்தத்துல பார்க்கிறது நல்லது. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். முன்னாடியே தெரிஞ்சா கண் வெச்சுக்கலாம். பொண்ணுங்க இருக்காங்களா?

— எனக்கு ரெண்டு. இவனுக்கு ஒண்ணு.

— அவங்களுக்கும் சொல்லிடுங்க. சார், நீங்களும் ரத்தம் கொடுங்க.

— நான் எதுக்கு டாக்டரம்மா? எனக்கு அங்க இருக்கிறது ஒப்புக்குச் சப்பாணி. பைக்கு மூடி மாதிரி, அழகுக்கு ரெண்டு.

— அழகுக்கு இல்ல சார். அதே சதை உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு. இந்த நோய் வந்தவங்க நூறு பேர்ல ஒருத்தர் ஆம்பளை. குடும்பத்துல ஓடுதுன்னா வாய்ப்பு இன்னும் கூடும்.

— ஆம்பளைக்கா?

— ஆமா. அவங்க வந்து நிக்கறப்ப பெரும்பாலும் ரொம்ப முத்தியிருக்கும். வெட்கம் ஒரு பக்கம். வேர்க்குரு, பனியன் உரசலுன்னு சமாதானம் சொல்லிக்கிறது ஒரு பக்கம்.

— எப்படி... சும்மாதான் கேக்கறேன். எப்படித் தெரியும்?

— காம்புக்குக் கீழ வலிக்காத கட்டி. காம்பு உள்ள இழுத்துக்கிறது. இல்லேன்னா கசியறது. அதுவும் ரத்தமாக் கசிஞ்சா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

— ம்.

— என்னடா, வெறும் 'ம்'? நீ ஒரு எழுத்துல பேசி நான் கேட்டதே இல்லையே.

— ஒண்ணுமில்லக்கா. உனக்குத்தான் இல்லைன்னு ஆயிடுச்சே. கிளம்பலாம் வா, கடையில துணி குவிஞ்சு கிடக்கும்.

— இந்தப் பக்கம் திரும்புடா.

— நேரமாச்சுக்கா.

— ஏண்டா ஜன்னலையே பார்க்குற?

— காத்து வரட்டும்னு.

— ஜன்னல் சாத்தியிருக்கு. டாக்டரம்மா, என் விரலைப் பாருங்க. இது இவன் பேனா மை. சோப்பு போட்டு ரெண்டு தடவை தேய்ச்சேன், இம்மிகூட அசையல. முப்பது வருஷமா கறையைப் பார்த்துப் பொழைக்கிறவ நான், இவன் வாயைப் பார்த்து ஏமாந்துட்டேன். எட்டு மாசமா இவன் சட்டையில இருக்கிற பொட்டு பச்சைத்தண்ணியிலயே போயிடுது. சட்டையைக் கழட்டுடா.