கயிற்றை அறுத்தவன்

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. என் கண்மேல் சத்தியம், என் மகள்மேல் சத்தியம், மேசைமேல் கழற்றி வைத்திருக்கும் உங்கள் போலீஸ் தொப்பிமேலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் அடுத்த வேளைச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்த வயதில் குறை சொன்னால் அதுவும் கிடைக்காமல் போகும்.

என் மாப்பிள்ளையைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருடைய கவனக்குறைவால் ஓர் உயிர் போயிற்று என்று எழுதப்போகிறீர்கள். எழுதினால் அவருக்குச் சிறை. அவசரப்பட வேண்டாம். அது கவனக்குறைவு இல்லை, நான் செய்தது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன் நான். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கக் கட்டிய அறையில் அது இருந்தது. எந்த நோயாளிக்கு என்ன ரத்தம், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதன் வயிற்றுக்குள். யூனிக்ஸ் என்று ஒரு பழைய சிஸ்டம், அந்தக் குடும்பத்துப் பிள்ளை. படம் கிடையாது, மௌஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சொன்னதைச் செய்யும். சொன்னது முட்டாள்தனமாக இருந்தாலும், நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காமல் செய்யும். வீட்டில் எனக்கு அப்படி ஓர் ஆளும் வாய்த்ததில்லை.

ஒரு சமயம் எலி ஒன்று கேபிளைக் கடித்துத் துண்டாக்கி, இரண்டு முனைகளையும் வாயில் பிடித்தபடியே செத்துப்போயிற்று. சர்வர் நிற்கவில்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியின் தகவல் முழுக்க அந்த எலி வழியாகத்தான் போய்வந்தது. நாற்றம் தாங்காமல்தான் கேபிளை மாற்றினேன். மாற்றிய பிறகு வேகம் சற்றுக் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு ஒரே ஒரு வியாதி. வாரம் முழுக்க டிஸ்க் நிறைந்துகொண்டே வரும். எதை அழித்தாலும் இடம் திரும்ப வராது. திங்கட்கிழமை காலையில் நான் போய் அதை அணைத்துத் திரும்பக் கிளப்புவேன், இடம் வந்துவிடும். அந்த அரைமணி நேரம் டாக்டர்கள்கூட வராந்தாவில் நிற்பார்கள். நான் கதவைத் திறந்து தலையாட்டினால்தான் ஆஸ்பத்திரி நகரும். பல வருடம் அப்படி.

மாப்பிள்ளையை எனக்கு உதவியாளாகச் சேர்த்தது நானே. மகளைக் கொடுத்தாயிற்று, வேலையையும் கொடுப்போம் என்றுதான். வந்த முதல் வாரம் திரையில் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"மாமா, நீங்க அழிக்கிற ஃபைலை ஒரு புரோகிராம் திறந்தே வச்சிருக்கு. அது விடாம பிடிச்சிருக்கறதால அழிச்சும் இடம் வரல. அந்த ஒண்ணை மட்டும் நிறுத்திக் கிளப்பினா போதும். மெஷினை அணைக்கவே வேணாம்."

சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். டீ ஆறுவதற்குள் டிஸ்க்கில் பாதி காலி. நிர்வாக அதிகாரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே திங்கட்கிழமை வைத்தியர் வரவேண்டியதில்ல, இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார். அதிலிருந்து காண்டீனில் டீ ஊற்றுகிறவன்கூட என்னை வைத்தியரே என்று கூப்பிட்டான். அடுத்த மாதமே எனக்கு வயதாகிவிட்டது என்று நிர்வாகத்துக்கு ஞாபகம் வந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அது ஓடவில்லை.

அதன் பிறகு மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். மாப்பிள்ளை பாதி நாள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து, அங்கிருந்தே ஆஸ்பத்திரி சர்வரை மேய்ப்பார். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவர் முதுகும் திரையில் பாதியும் தெரியும். மகள் நல்ல இடமாகப் பார்த்துத்தான் என்னை உட்கார வைத்திருந்தாள்.

இனி தொழிலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. ஃபயர்வால் என்பது சர்வரின் வாசல் காவலாளி. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று விதி எழுதிக் கொடுக்க வேண்டும். தூரத்தில் உட்கார்ந்து எழுதும்போது ஒரு வரி பிசகினால், எழுதியவனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். ஆகவே விதியைத் தொடுவதற்கு முன் இயந்திரத்திடம் சொல்லிவைப்போம்: இன்னும் பத்து நிமிடத்தில் பழைய விதிகளையே திரும்பப் போடு. பிறகு புதியதை எழுதுவோம். சரியாக வந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிடலாம். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும், கதவு தானே திறக்கும். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்வது மாதிரி. அதை நாங்கள் கயிறு என்போம்.

கயிறு போட்டேனா இல்லையா என்று நினைவில்லை என மாப்பிள்ளை உங்களிடம் சொன்னாராம். போட்டார். அவர் மறக்கிற ஆள் இல்லை. கடைக்குப் போனால் உப்பைக்கூட மறக்காதவர்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஃபயர்வாலைத் திருத்த உட்கார்ந்தார். நான் மடியில் மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்து என் பாஸ்வேர்டைத் தட்டினேன். உள்ளே போனேன். காத்திருக்கும் வேலைகளின் வரிசையில் அவருடைய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே வரி. நீக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தேன்.

வரி பிசகியது. காவலாளி அவரையும் தள்ளினான், வார்டுகளையும் சேர்த்துத் தள்ளினான். பத்து நிமிடம் போயிற்று. கதவு திறக்கவில்லை. போன் அடிக்கத் தொடங்கியது.

மகள் எனக்கு டீ கொண்டுவந்தாள்.

"அப்பா, அவருக்கு ஏதாவது சொல்லுங்களேன். முகமே செத்துக் கிடக்கு."

"கேட்டா சொல்றேன்மா. கேக்காம சொல்ல நான் யாரு?"

அவரே வந்தார். வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"மாமா, உள்ள போக வேற வழி ஏதாச்சும் இருக்கா?"

"என்ன மாப்பிள்ளை, கயிறு போடலையா?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன். நேரம் தாண்டிடுச்சு, திறக்கல."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க. உங்க காலத்து வித்தை, தானா சரியாகும்."

"வார்டுல இருந்து விடாம போன் வருது மாமா. ஒரு ஸ்கிரீனும் வரலையாம்."

"இதையெல்லாம் போய் திங்கட்கிழமை வைத்தியர் கிட்டயா கேக்கறது?"

வாசற்படியிலிருந்து திரும்பினார். பிறகு பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சர்வர் அறைச் சாவி அவர் பையில்தான் இருந்தது. நேரில் போய்த்தான் திறந்தாக வேண்டும். நான் டீயைக் குடித்தேன். அன்றைக்குச் சர்க்கரை அளவாக இருந்தது.

அவர் சாலையில் இருந்த நேரத்தில்தான் அது நடந்தது. முதல் மாடியில் கால் உடைந்து படுத்திருந்த பஸ் டிரைவருக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. வலி மருந்தில் ஆள் தூக்கம். மனைவி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். நர்ஸ் ஸ்கிரீன் வரட்டும் என்றாராம். டாக்டர் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர், எவ்வளவு நேரம் காத்திருப்பார். ஊசி போட்டார். அந்த ஊசி இவருக்கு ஆகாது என்று சர்வரில் இருந்தது. சிவப்பு எழுத்தில் வரும்படி அமைத்தது நான்தான், அது ஒரு பெருமை எனக்கு. மாப்பிள்ளை கதவைத் திறந்து சர்வரைச் சரிசெய்தபோது சிவப்பு எழுத்து வந்தது. பார்ப்பதற்கு ஆள் இல்லை. அந்த அம்மாள் துணிப்பையோடு படியேறிக்கொண்டிருந்தாராம்.

வேறு வழி இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. இரண்டாவது மாடி நர்ஸ் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்து நானே தனியாக ஓர் ஒயர் இழுத்து சர்வரின் முதுகில் சொருகியிருந்தேன். நெட்வொர்க் பக்கமே போகாத ஒயர். காவலாளிக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. மாப்பிள்ளை நர்ஸுக்குப் போன் போட்டு, என்ன தட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். ஒரு போன். அந்த ஒயரைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கேட்டபோது நாக்கு நுனிவரை வந்தது. அதை டீயோடு விழுங்கிவிட்டேன். இதை நீங்கள் எழுத வேண்டாம், வழக்குக்குத் தேவைப்படாது. சும்மா இருப்பது குற்றமென்றால் ஊரில் பாதிப் பேரை உள்ளே போட வேண்டிவரும்.

எழுத வேண்டியது கயிறு. அறுத்தவன் நான். மாப்பிள்ளை மறந்தார் என்று எழுதினால் ஏதோ தூக்கக் கலக்கத்தில் நடந்த மாதிரி ஆகிவிடும். அந்த டிரைவர் அப்படி ஒன்றுக்காகச் செத்ததாக நான் நினைக்க விரும்பவில்லை. யோசித்து, திட்டம் போட்டு, வேலை தெரிந்த ஒருவன் செய்தான் என்றால் அவருக்கும் ஒரு மரியாதை. என் நாற்காலியை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார், மகளின் பேச்சையெல்லாம் எடுத்துக்கொண்டார். இதையும் அவரிடமே கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். மகள் வாசலில் நிற்கிறாள். என்னைப் பார்க்க மாட்டாள், பரவாயில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

என் பாஸ்வேர்டு இன்னுமா செல்லும் என்று எழுதிக்கொண்டிருக்கும் அந்தத் தம்பி கேட்கிறார் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்றே, கடிகாரம் கொடுக்கும் கூட்டம் முடிவதற்குள், மாப்பிள்ளை என் கணக்கையும் பாஸ்வேர்டையும் அந்த சர்வரிலிருந்து நீக்கிவிட்டார், அதன் பிறகு ஒரு முறைகூட என்னால் அதற்குள் நுழைய முடிந்ததில்லை.