கதவுக்கு அடியில வந்த புத்தகம்

கத்தாத தேவி. கதவத் தட்டித் தட்டி உன் கைதான் வலிக்கும். பட்டும் ஜரிகையும் வெக்கற ரூமு, திருடனுக்காகப் போட்ட கதவு இது. நான் எங்கயும் போவல, கதவுல சாஞ்சிகினு இங்கதான் உக்காந்திருக்கறேன். உனக்குப் புத்தி சொல்லச் சொல்லி உங்கண்ணன் என்ன உட்டுட்டுப் போயிருக்காரு. அண்ணி சொன்னா கேப்பியாம்.

தெரியும்மா. செய்யார் கம்பெனி பஸ்ஸு இன்னும் கொஞ்ச நேரத்துல தெருமுக்குக்கு வந்துடும். இன்னிக்குப் போய்ச் சேரலன்னா அந்த வேலை வேற எவளுக்காவது போயிடும். வெள்ளிக்கிழமை உன்ன உக்கார வெச்சு தாம்பூலம் மாத்திடுவாங்க. செல்லையும் புடுங்கிகினாங்க. எல்லாம் தெரியும். அழுதா மட்டும் கதவு தொறக்குமா, சொல்லு. மூக்கத் தொடச்சிகினு நான் சொல்றதக் கேளு.

இல்ல, கல்யாணப் பேச்சு இல்ல. நம்ம புத்தகங்களப் பத்திதான். அந்த மூணு பசங்களும் ஒத்தக்கண்ணு பூனையும் வருமே, அதேதான். நான் கல்யாணமாகி வந்தப்ப நீ நாலாவது படிச்சிகினு இருந்த. வந்தவாசில எங்கப்பா பழைய பேப்பர் கடை வெச்சிருந்தாரு. எடைக்கு வந்ததுல நான் பொறுக்கி வெச்சதுதான் அவ்ளோ புத்தகமும். எம்பொட்டியத் தொறந்து பாத்துட்டு, பாத்திரம் எங்கன்னு கேட்டாங்க உங்கம்மா. நீ மட்டும் ஒரு புத்தகத்த எடுத்துகினு ஓடிட்ட. அதுல வர்ற பசங்க ரொட்டிக்குள்ள வெள்ளரிக்கா வெச்சித் தின்றாங்கன்னு நீ இட்லிய ரெண்டா அறுத்து அதுல வெள்ளரிக்கா வெச்சியே. சிரிக்கறியா? சிரி. இன்னா ருசி அது, கருமம்.

இன்னிக்கும் நான் அதையேதான் படிக்கறேன். குழந்தைங்க புத்தகத்த இந்த வயசுலயும் படிக்கறாளேன்னு உங்கண்ணன் சிரிப்பாரு. திருடன் யாரு, பொதையல் எங்க இருக்குது, எல்லாம் மனப்பாடம். அப்பறம் ஏன் படிக்கறன்னு கேட்டா, அதுல எவ்ளோ பெரிய கதவா இருந்தாலும் கடைசிப் பக்கத்துல அந்தப் பசங்க வெளிய நிப்பாங்க. ஏன் வெளிய வந்தன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சாப்பாடு போடுவாங்க. எனக்கு அது போதும் தேவி, அதப் படிக்கறப்ப மட்டுந்தான் எனக்கு மூச்சு உட முடியுது.

ஆமா. நானும் இந்த ரூமுல இருந்திருக்கறேன். வந்த மொத வருஷம், டீச்சர் ட்ரெயினிங்குக்கு சீட்டு வந்துச்சு, போறேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். உங்கப்பா உள்ள தள்ளிப் பூட்டிட்டாரு. ஞாபகம் இருக்குதா? நீதான் யாருக்கும் தெரியாம வந்து, கதவுக்கு அடியில ஒவ்வொரு புத்தகமாத் தள்ளி உட்ட. மெல்லிசுப் புத்தகம்தானே, சுளுவா வந்துச்சு. அழுவாத அண்ணி, பூனை வந்து காப்பாத்தும்னு வேற சொன்ன.

இன்னா அத்த? ஆங், புத்திதான் சொல்லிகினு இருக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வரா. நீங்க கஞ்சிய எடுத்துகினு போங்க, நான் பின்னாலயே வரேன்.

போயிட்டாங்க. இப்ப ஜல்தியா கேளு. தெருவுல நம்ம பாவு போட்டிருக்குது. பட்டு இழைய தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிட்டாங்க, கஞ்சி தெளிக்கப் போறாங்க. தெளிச்சா, காயற வரைக்கும் ஒருத்தர் கைய எடுக்க முடியாது. எடுத்தா இழையெல்லாம் ஒட்டிகினு மொத்தமும் பாழு. பாவுல கை வெக்கறவங்க இடுப்புல சாவி, வெரல்ல மோதிரம் எதுவும் வெச்சிக்க மாட்டாங்க, இழை மாட்டி அறுந்துடும். உங்கண்ணன் இந்த ரூம் சாவிய எங்க வெக்கறதுன்னு முழிச்சாரு. அப்பறம் என்னக் கூப்புட்டு, சாவியத் தொட மாட்டேன், கதவத் தொறக்க மாட்டேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். சாவிய பூட்டுலயே உட்டுட்டுப் போயிட்டாரு.

நான் தொட மாட்டேன் தேவி. கற்பூரம் அணைச்சிருக்கறேன். ஆனா, கலங்கரை வெளக்கத்துல பூட்டி வெச்சாங்களே அந்தக் கதையில, சின்னவ இன்னா பண்ணா? ஆங், அதேதான். உங்கண்ணன் அந்தப் புத்தகத்துல ஒன்னு கூடப் படிச்சதில்ல.

கீழ பாரு, ஒரு பேப்பரத் தள்ளியிருக்கறேன். பாதி உன் பக்கம் இருக்குது, பாதி என் பக்கம், சாவிக்கு நேர் கீழ. கூடையில நூல் சுத்தற தார்க்குச்சி கெடக்கும், மெல்லிசாப் பாத்து ஒன்ன எடுத்து சாவி ஓட்டையில குத்து. சாவி பேப்பர் மேல உழும். மெதுவா இழு. ரெண்டு பக்கமும் தொறக்கற பூட்டுதான்.

நடக்குமான்னா? நடக்கும். நான் பண்ணியிருக்கறேன். உங்கப்பாவும் அன்னிக்கு சாவிய பூட்டுலயேதான் உட்டுட்டுப் போயிருந்தாரு. அன்னிக்கு நீ தள்ளி உட்டியே ஒரு புத்தகம், அதோட அட்டையக் கிழிச்சு வெச்சுதான் இழுத்தேன். சாவி கையிலயே வந்துடுச்சு. கையில வெச்சிகினு உக்காந்திருந்தேன். எங்க போறதுன்னுதான் தெரியல. எங்கம்மா ஊட்டுக்குப் போனா மறுநாளே திருப்பிக் கொண்டாந்து உட்டிருப்பாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு சாவிய கதவுக்கு அடியிலயே வெளிய தள்ளிட்டேன். தானா உழுந்துடுச்சுன்னு உங்கப்பா எடுத்து மாட்டிகினாரு.

உனக்கு கம்பெனி ஹாஸ்டல்ல எடம் குடுத்திருக்காங்க இல்ல? அப்பறம் இன்னா. உன் சர்டிபிகேட்டும் துணியும் பையில போட்டு, பின்பக்கம் வெறகுக்குப் பின்னால வெச்சிருக்கறேன். அந்த சந்து வழியாப் போனா தெருமுக்கு. வெளிய வந்ததும் கதவப் பூட்டி, சாவிய அதுலயே வெச்சிட்டுப் போ.

கூப்புடறாங்க, கஞ்சி தெளிக்கப் போறாங்க. தோ வந்துட்டேங்க அத்த.