ஏழாம் கட்டிலில் கட்டியிருந்த துப்பட்டா

எனக்கு வயது பதினேழு. பதினெட்டு நிரம்பாததால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். பராமரிப்பு இல்லத்தின் சலவை அறையில் ஐந்து மாதமாக வேலை செய்கிறேன். என் சித்தி உடனிருக்க, பெண் போலீஸ் அதிகாரி கேட்டதற்கு நான் சொல்வது பின்வருமாறு.

ஏழாம் கட்டிலில் இருப்பவர் என் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன் மூளையில் ரத்தம் கசிந்து அவருக்குப் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. ஒரு வருடம் நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஒரு நாள் குளியலறையில் இருவரும் விழுந்ததால் சித்தி அவரை இல்லத்தில் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்க விடுவார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டுமே என்று நான் போகவில்லை. சலவைக்கு ஆள் தேவை என்று கேட்டில் ஒட்டியிருந்ததைச் சித்தி வந்து சொன்னார். உறவினர் இருக்கும் இடத்தில் வேலை தரக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் தாய் பெயர் கேட்ட இடத்தில் சித்தி பெயரை எழுதிச் சேர்ந்தேன். எல்லோரும் "ஏழாம் கட்டில்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அதன் பிறகு தினமும் பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், விரிப்பு கொடுக்கப் போவதுபோல் போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்தபடிதான் தூங்குவார். கை நழுவினால் விழித்துவிடுவார் என்பதால் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் தளர்வாகக் கட்டிக்கொள்வேன். தூக்கத்தில் அவர் இழுத்துப் பார்ப்பார். நானும் ஒருமுறை இழுப்பேன். அதன் பிறகு தூங்குவார்.

அந்த வார்டு உதவியாளரைச் சத்தக்கா என்று கூப்பிடுவோம். குரல் அப்படி. ஒரு நாள் பார்த்துவிட்டு, "அடியே துணிமூட்டை, துவைக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றார். அதன் பிறகு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, "மூக்கு அப்படியே இருக்குடி. எனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் விரிப்பு சிக்கிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவை எழுப்ப மனம் வராமல் என் முனையை அவிழ்த்துக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டுப் போனேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் போனில் படம் எடுத்துப் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். அம்மாவின் மணிக்கட்டு சிவந்திருந்தது. இறுக்கிக் கட்டியதால் வந்த தடம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். முடிச்சில் இரண்டு விரல் நுழையும். அவர் இழுத்திருக்கிறார். கம்பி திருப்பி இழுக்காததால் மறுபடி மறுபடி இழுத்திருக்கிறார்.

மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்து யார் கட்டியது என்று கேட்டார். சத்தக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் வார்டு, என்னைக் கேளுங்க" என்றார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் விரிப்புகளைச் சுமந்தபடி வாய் திறக்காமல் நின்றேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். "வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன். எனக்கு வேற வேலை கிடைக்கும்டி, உன்னை உள்ளே விடுவாங்களா?" என்றார். போலீஸ் வழக்கு இருக்கும் ஆளை எந்த இல்லமும் வேலைக்குச் சேர்க்காது என்று சித்தி சொன்னார். அதனால் இன்று காலை நானாக வந்தேன்.

சத்தக்கா கட்டவில்லை. கட்டியது நான். இனி என்னை அங்கே விடமாட்டார்கள் என்று தெரியும். அவரைத் திரும்ப அதே வார்டில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் எழுதச் சொன்னேன். "இது வழக்குல வராதும்மா" என்று அதிகாரி சொன்னார். "பரவாயில்லை மேடம், எழுதுங்க" என்றேன். அம்மா இனி சில நாள் பகல் ஒரு மணிக்குத் தூங்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை நோய் என்று நினைத்துத் தூக்க மருந்தைக் கூட்ட வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(கையொப்பம்)